முடுக்கில் நாற்பது நடை

"வலிக்கவே இல்ல நர்ஸம்மா," என்றாள் சபூரா. "வலிச்சாத்தான குனிஞ்சு பாப்பேன்?"

கட்டிலில் உட்கார்ந்து இடது காலைச் சேலைக்குள் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். காலை பத்து மணி. கீழக்கரையில் அந்தத் தெருவுக்கு நான் வழக்கமாக வந்து சேரும் நேரம். அடுப்படியில் தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை வந்தது. அதையும் மீறி அறைக்குள் இன்னொரு வாடை இருந்தது. ஏழெட்டு வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"காலை நீட்டு புள்ள."

"கருமம், அசிங்கமா இருக்கு. வேண்டாம்."

"நீட்டுங்கிறேன்ல!"

நீட்டினாள். பாதத்தை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சுண்டுவிரலுக்குக் கீழே சுண்டைக்காய் நுழையும் அளவுக்கு ஒரு குழி. சுற்றிலும் கறுத்திருந்தது. விரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது. விரலால் அழுத்தினேன். அவள் முகத்தில் ஒரு சுளிப்பு கூட இல்லை.

"என்ன குத்துச்சு?"

"சிப்பித் துண்டு. ஒரு வாரம் இருக்கும். நானே புடுங்கிப் போட்டுட்டு நடந்தேன். ஒரு நா கூட நடையை விடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

ஆமாம், நான்தான் சொன்னேன்.

ஊருக்கு உபதேசம்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். பரமக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "இத்தனை வருஷம் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவர் நீங்கள். உங்கள் காலைப் பழக்கங்களைப் பற்றி எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும்."

அம்மா, நீங்கள் சரியான ஆளைத்தான் பிடித்தீர்கள்!

உத்தியோகத்தில் சேர்ந்து பல வருஷங்களுக்கு நான் வெயில் ஜன்னலுக்கு வந்து முகத்தில் அடித்தால் ஒழிய எழுந்ததில்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் எழுந்து, வாசல் தெளித்து, காப்பி போட்டு, டம்ளரை என் தலைமாட்டில் வைத்து, தொண்டையைச் செருமுவார். அதற்குப் பிறகுதான் நான் புரண்டு படுப்பேன். எழுவது அதற்கும் பிறகு. பக்கத்து வீட்டில் இதைப் பார்த்துவிட்டு என்னென்னவோ பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டோம்.

அப்படிப்பட்ட நான் ஊர் ஊராகப் போய், "விடியக்காலை எழுந்திருங்கள், வெறும் வயிற்றில் தண்ணீர் குடியுங்கள், நடங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "ஊருக்குத்தான் உபதேசம், உனக்கு இல்லையடி" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

எனக்கும் ஒரு நியாயம் இருந்தது. நான் பிறந்தது சிக்கல் பக்கம். அய்யாவுக்கு மிளகாய்க் கொல்லை. மாசி, பங்குனியில் பழம் பறிக்கும் நாட்களில் நட்சத்திரம் மறையும் முன்பே அய்யாவின் குரல் கேட்கும். "எந்திரி ஆத்தா, வெயில் ஏறுனா குனிய முடியாது."

தூக்கக் கலக்கத்தில் போய்க் குனிந்தால் நிமிர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். விரல் இடுக்கெல்லாம் காந்தும். தெரியாமல் கண்ணைக் கசக்கிவிட்டால் அன்றைய பொழுது அழுகையில் போகும். பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடித்தாலும் கை எரியும். விடியல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை காந்திய காலம் அது. சம்பளம் வாங்கும் வேலை ஒன்று கிடைத்தால் முதல் வேலையாக ஆசை தீரத் தூங்குவது என்று பன்னிரண்டு வயதில் சபதம் எடுத்தேன். அந்த ஒரு சபதத்தை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

அந்தத் தூக்கம்தான் சபூராவின் பாதத்தில் வந்து விடிந்தது.

செங்கல் நிறம்

எண்பதுகளின் பின்பாதி. சபூராவுக்கு அப்போது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். புருஷன் சவுதியில். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாட்களில் டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிந்த கேசட்டுகள்தான் போகும், வரும். அந்த ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. அதனால் அவள் தன் உம்மாவோடு, இரண்டு பிள்ளைகளோடு தாய் வீட்டிலேயே இருந்தாள்.

கடைசிப் பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் பழக்கம். "ஓயாம தாகமா இருக்கு நர்ஸம்மா. ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிறேன்," என்றாள். ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று உம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

நான் பெட்டியைத் திறந்து கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, நிற்காமல் செங்கல் நிறத்துக்குப் போனது. சபூரா அதை வேடிக்கை பார்த்தாள்.

"அழகா இருக்கே நர்ஸம்மா!"

"அழகு இல்ல புள்ள. சீனி வியாதி."

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். மாத்திரையை அவள் பார்த்துக்கொண்டாள். நடையை நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன்.

எங்கே நடப்பது? அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் ஒரு பெண் விடிந்ததும் கையை வீசிக்கொண்டு கடற்கரை வரை போய் வர முடியாது. மொட்டை மாடியில் நடந்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். நான் யோசித்து யோசித்துப் பார்த்துக் கைவிடப்போன நேரத்தில் சபூராவே சொன்னாள்:

"முடுக்கு இருக்குல்ல, நர்ஸம்மா."

முடுக்கு என்றால் இரண்டு தெரு வீடுகளின் பின்சுவர்களுக்கு நடுவே போகும் சந்து. இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்தால் தோளைச் சாய்த்துத்தான் கடக்க முடியும். ஆண்கள் அதில் கால் வைக்கமாட்டார்கள். ஒரு வீட்டில் அரைத்த மசாலா இன்னொரு வீட்டுக்குப் போவதும், பிரசவ வலி வந்த செய்தி போவதும், கல்யாணப் பேச்சு போவதும் அந்த வழியில்தான். பெண்கள் அதைத் தினமும் பெருக்குவார்கள். அது தெருவின் பகுதி இல்லை, வீட்டின் பகுதி.

ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் ஒரு நடை. நாற்பது நடை என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். எண்ணிக்கை தப்பாமல் இருக்க அவள் ஒரு வழி செய்தாள். ஒரு கொட்டாங்கச்சியில் நாற்பது புளியங்கொட்டை. ஒவ்வொரு நடைக்கும் ஒன்றை எடுத்து அடுத்த கொட்டாங்கச்சியில் போடுவாள்.

விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் ஆரம்பிப்பாள். நான் வாரம் ஒரு நாள் பத்து மணிக்குப் போவேன். நான் கேட்கும் முன்பே கொட்டாங்கச்சியைக் குலுக்கிக் காட்டுவாள். "நாப்பது, நர்ஸம்மா!" குழாயில் நிறம் செங்கல்லிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. பிறகு பச்சைக்கு. மாதக் கூட்டத்தில் நான் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். கை கூடத் தட்டினார்கள்.

கேட்காத கேள்வி

முடுக்கு வீட்டின் பகுதி என்று சொன்னேன் அல்லவா? வீட்டுக்குள் யார் செருப்புப் போடுவார்கள்?

செருப்பு முன்வாசலோடு நின்றுவிடும். முடுக்கில் செருப்புக் காலோடு நடப்பது அடுப்படியில் செருப்போடு நடப்பதற்குச் சமம். ஆகவே சபூரா வெறுங்காலோடு நடந்தாள். ஒரு வருஷம் நடந்தாள். அந்தச் சுவர்களெல்லாம் கடல் பாறைக் கல்லில் கட்டி, சிப்பி சுட்ட சுண்ணாம்பு பூசியவை. மழைக்கும் உப்புக் காற்றுக்கும் காரை உதிரும். வேகாத சிப்பித் துண்டுகளும் கூடவே உதிரும். நன்றாக இருக்கிற காலில் குத்தினால் "ஆ" என்று கத்திவிட்டு எடுத்துப் போடுவோம். சீனி வியாதிக்காரிக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும். கத்துவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

இதெல்லாம் நான் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியதுதான். ஆனால் "செருப்புப் போட்டு நடக்கிறாயா?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் கொல்லைக்காட்டில் நடப்பது என்றால் செருப்போடுதான். அதனால் கேட்கத் தோன்றவில்லை.

கேட்க வேண்டியது கூட இல்லை. ஒரே ஒரு நாள் விடியக்காலையில் எழுந்து போய் அவள் நடப்பதைப் பார்த்திருந்தால் போதும். நான் அந்த நேரத்தில் போர்வைக்குள் இருந்தேன்.

பத்து நாள்

வாடகைக் கார் பிடித்து ராமநாதபுரம் கொண்டுபோனோம். பின் சீட்டில் உம்மா மடியில் தலை, என் மடியில் கால். வழி நெடுக அவள் புருஷனைப் பற்றி ஒரே பேச்சைத்தான் பேசினாள். "மச்சானுக்கு எழுதிறாதீக. வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவாக."

பெரிய டாக்டர் பார்த்த உடனே சொன்னார். "விரல் போயிடுச்சு, எடுக்கணும். பாதம் நிக்குமா நிக்காதான்னு பத்து நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும்." பிறகு என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாக விசாரித்தார்.

வராண்டாவில் நின்றுகொண்டிருந்தேன். நடக்கச் சொன்ன நர்ஸ் யார் என்று கேட்பார், என்னைக் கூப்பிடுவார், கூப்பிட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விடுமோ என்று பயந்தேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. உள்ளே ஒருத்திக்குக் கால் போகும் நிலைமை. வெளியே இவளுக்கு உத்தியோகக் கவலை.

டாக்டர் வெளியே வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். தப்பித்தோம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சுண்டுவிரலை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து, "பாதம் இருக்கு. ஆனா புண்ணு ஆழம். தினம் காலையில கழுவிக் கட்டணும். ஒரு நாள் விட்டாலும் மறுபடி இங்கதான் வரணும், அப்ப கணுக்காலோட எடுக்க வேண்டியிருக்கும்," என்று சொல்லி அனுப்பினார்கள்.

"யாரு கட்டுவாக?" என்றார் உம்மா.

"நான்," என்றேன்.

சபூரா கட்டுப் போட்ட காலைத் தூக்கிப் பார்த்தாள். "நாலு வெரலு போதாதா? மச்சான் வந்து எண்ணியா பாக்கப் போறாக?" என்று சிரித்தாள். உம்மாவும் நானும் அழுதோம்.

ஐந்து மணி

ஏழரை மணி பஸ்ஸில் நான் கிராமங்களுக்குக் கிளம்பியாக வேண்டும். அதற்கு முன் புண்ணைக் கழுவிக் கட்டி, வீட்டுக்குத் திரும்பிக் குளிக்க வேண்டும் என்றால் ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். என் வீடு அதே ஊரில் என்றாலும் ஐந்து மணிக்கு எழ வேண்டும்.

முதல் வாரம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி படுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் அதைச் சமையலறையில் ஒரு பித்தளைக் குண்டானுக்குள் வைத்தார். அது அடித்த அடியில் தெருவே எழுந்தது. ஒரு நாள் சேலையை உள்புறம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டு போனேன். உம்மா பார்த்துவிட்டுத் திருப்பிக் கட்டிவிட்டார். இன்னொரு நாள் கண்ணை மூடிக்கொண்டே நடந்து படுத்திருந்த ஆட்டின் மேல் விழுந்தேன்.

மூன்றாவது வாரம், நான்காவது வாரம் என்று போகப்போக உடம்பு வழிக்கு வந்தது. அந்த நேரத்துக் கீழக்கரையை அதுவரை நான் பார்த்ததே இல்லை. இடியாப்பம் விற்கிற பெண் ஓலைப்பெட்டியை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு போவாள். கடலிலிருந்து வரும் காற்றில் கவிச்சி இருக்காது, குளிர்ச்சி மட்டும் இருக்கும். குழாயடியில் வரிசையாகக் குடங்கள் மட்டும் நிற்கும், ஆட்கள் இருக்கமாட்டார்கள். விடியல் என்பது மிளகாய் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உம்மா இதற்கிடையில் ஒரு காரியம் செய்தார். கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி மூன்று ஜோடி புது ரப்பர் செருப்பு வாங்கினார். தெரு மண் படாத செருப்பு. கழுவித் துடைத்துப் பின்வாசலில் வைத்தார். ஒரு ஜோடியைத் தானே மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில், முடுக்கில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை நடந்தார்.

"என்ன மாமி, முடுக்குல செருப்பா?" என்று ஒரு வீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஆமா. எம் மக வெரலு போனதுக்குப் பெறகு எனக்குப் புத்தி வந்துருச்சு. ஒங்களுக்கும் வேணும்னா சொல்லுங்க, ஆள் அனுப்புறேன்," என்றார்.

பேச்சு வந்தால் தன்மேல் வரட்டும் என்று முதலில் தானே நடந்தார். அந்த அம்மாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும்.

நான் மட்டும் என் தப்பைச் சொல்லவில்லை. தினமும் கதவைத் தட்டும்போது, "இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்" என்று நினைப்பேன். அவள் காலை என் மடியில் வைப்பாள். நுரைக்கும் மருந்தை ஊற்றுவேன், துடைப்பேன், கட்டுவேன். "ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம் நர்ஸம்மா" என்பாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு வாய் எழாது.

கடைசிக் கட்டு

ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலை கட்டைப் பிரித்தேன். துணியில் ஈரம் இல்லை. குழி இருந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல். விரலால் தடவிப் பார்த்தேன்.

"மூடிருச்சு புள்ள."

உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சர்க்கரை இல்லாத டீ போட அடுப்படிக்குப் போனார். நான் அவள் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

"சபூரா, ஒண்ணு சொல்லணும். உன் வெரலு போனது என்னால. செருப்புப் போட்டு நடன்னு நான் சொல்லியிருக்கணும். ஒரு நாளாவது காலையில வந்து பாத்திருக்கணும். தூங்கிட்டேன்."

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"பெரிய டாக்டரு மொத நாளே கேட்டாரு. சீனி வியாதிக்காரிய வெறுங்காலோட நடக்க விட்டது எந்த நர்ஸுன்னு கேட்டு, எழுதப் பேனாவ எடுத்தாரு. நர்ஸம்மா செருப்புப் போட்டுத்தான் நடக்கச் சொன்னாக, நாந்தான் கேக்கலன்னு சொல்லிட்டேன்."

வராண்டாவில் நின்று தப்பித்தோம் என்று மூச்சு விட்டேனே, அது இவள் கொடுத்த மூச்சு.

"எதுக்குப் புள்ள பொய் சொன்ன?"

"ஒங்களுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா? மாசாமாசம் பிள்ளையத் தூக்கி எடை போட, கொழாயக் காட்டி என்னைய வைய, இங்கன வேற யாரு வருவா?" கொஞ்சம் தயங்கினாள். "பொய்யி பாவந்தான. அதான் சுபுஹு தொழுதுட்டு தெனம் அல்லாகிட்ட மன்னிப்புக் கேப்பேன். நான் கேட்டு முடிக்கவும் நீங்க கதவத் தட்டவும் சரியா இருக்கும்."

"அஞ்சு மாசமாவா?"

"ஒரு நா விடல."

அவள் பாதத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். டீயோடு வந்த உம்மா புண் மறுபடி பிரிந்துவிட்டதோ என்று பயந்துபோனார்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் போனேன். டாக்டர் வார்டுக்கு வரும் வழியில் நின்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவருக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. வந்ததும் முகம் இறுகியது. நல்ல திட்டு திட்டினார். பிறகு, "இத்தனை நாள் கட்டுப் போட்டது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "போம்மா. போய் இனிமே யாரை நடக்கச் சொன்னாலும் காலைப் பாத்துட்டுச் சொல்லு," என்று நடந்துவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் விடியக்காலையில் சபூரா வீட்டுப் பின்கதவைத் தட்டினேன். தொழுகைத் துப்பட்டியை எடுக்காமலேயே வந்து திறந்தாள்.

"இனிமே அந்த மன்னிப்பு வேண்டாம் புள்ள. டாக்டர்கிட்ட நானே சொல்லிட்டேன்."

முறைத்தாள். "அட, அஞ்சு மாசம் நான் கேட்டதெல்லாம்?" என்றாள். பிறகு முகம் மாறியது. "அப்ப நாளையிலருந்து சுபுஹுல நான் என்னத்தக் கேக்க?"

வெளிச்சம் அப்போதுதான் முடுக்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பின்வாசல் செருப்பில் ஒவ்வொரு காலாக நுழைத்தாள். சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு முதல் அடி வைத்தாள். அடுத்த அடிக்குக் கையை எடுத்துவிட்டாள். நான் இந்தக் கோடியில் நின்றேன். இடது காலை லேசாகச் சாய்த்து வைத்து, துப்பட்டி நுனி தரையில் புரள, அந்தக் கோடி வரை போய்த் திரும்பினாள்.

புதுத் தோல், பத்து நடைக்கு மேல் வேண்டாம் என்று நான்தான் நிறுத்தினேன். நடக்கச் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சபூரா நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.